மகாராணி காலியாகத்தான் போனாள்

அத்தியாயம் 5

என் அக்காவை அழ வைக்க உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் உரிமை உண்டு. ஒன்று நான். இன்னொன்று அவள் புருஷன், என் மாமா. இந்த இன்ஸ்பெக்டருக்கு அந்த உரிமையை யார் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

செம்புக் கம்பி ஃபாக்டரியின் லாரி ஷெட்டுக்குப் பக்கத்தில் மணல் மூட்டைகள் அடுக்கிக் கிடந்தன. அக்கா அதில் ஒன்றின் மேல் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிடு தூரத்தில் கேட் ரூம். அதற்குள் மாமா, கையில் விலங்கோடு.

"சாயங்காலத்துக்குள்ள கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்களாம்டா" என்றாள். "அவர் சண்டை போடுவார், கோபத்துல தட்டைத் தூக்கிப் போடுவார். திருட மாட்டார்டா. பொய் சொல்லக்கூட அவருக்கு வராது."

"பொய் சொல்ல வந்திருந்தா இந்நேரம் வீட்டுல இருந்திருப்பார்" என்று சொல்லிக்கொண்டே அவள் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தேன். சுள்ளென்று ஏதோ குத்தியது. துள்ளி எழுந்தேன். இந்த ஊர் மணலுக்கு எலும்பு முளைத்திருந்தது.

"ரேடியோ! உட்கார வந்தியா, வேலை பார்க்க வந்தியா?"

மேடம். பத்து வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நொறுங்கிப்போன வண்டிகளை அளந்துவிட்டு, இப்போது துப்பறிகிறவர். நான் அவருடைய உதவியாளன். வாயை மூட மாட்டேன் என்பதால் எனக்கு ரேடியோ என்று பேர் வைத்தவரும் அவர்தான். ஆனால் இன்று அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கேட் ரூமையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை குடோனைத் திறந்தபோது செம்புக் கட்டிகளில் பாதியைக் காணோம். சுவர் அப்படியே இருக்கிறது, பூட்டு அப்படியே இருக்கிறது. குடோனைத் திறப்பதற்கு முன் அன்றைக்குக் கேட்டைத் தாண்டிய வண்டி ஒன்றே ஒன்றுதான். சின்ன முதலாளியின் பழைய லாரி. அது காலியாகப் போனது என்று சத்தியம் செய்கிறவர் வாட்ச்மேன், என் மாமா. அப்படியானால் செம்பு எப்படிப் போனது? மாமாதான் ஆள் வைத்துச் சுவர் தாண்டிக் கடத்தியிருக்க வேண்டும் என்பது இன்ஸ்பெக்டரின் கண்டுபிடிப்பு.

கேட் ரூமுக்குள் நுழைந்தோம். மாமா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த மனுஷனோடு நான் பேசி நாலு மாசம் ஆகிறது. சண்டை எதற்கு என்பதே மறந்துவிட்டது, அதற்காக விலங்கோடு பார்க்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை.

"'நான் சரியா பார்க்கலை சார்'னு ஒரு வார்த்தை சொல்லு" என்று இன்ஸ்பெக்டர் அலுத்துப்போய்ச் சொன்னார். "வேலையோட போகும். 'பார்த்தேன், காலி'ன்னு சாதிச்சா ஜெயில்தான்."

"பார்த்தேன் சார். காலி."

மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். "எதைப் பார்த்தீங்க?"

மாமா முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். "ஸ்பிரிங்கைத்தாம்மா."

"தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கலையா?"

"எதுக்கும்மா? பின்சக்கரத்துக்கு மேல பட்டை பட்டையா ஸ்பிரிங் இருக்குல்ல? அது வில்லு மாதிரி வளைஞ்சிருந்தா வண்டி காலி. லோடு ஏறினா அமுங்கி நேராயிடும். தார்ப்பாய் ஏமாத்தும், டிரைவர் ஏமாத்துவான், ஸ்பிரிங் ஏமாத்தாது. இந்த நாற்காலியில உட்கார்ந்தபடியே எத்தனை திருட்டைப் பிடிச்சிருக்கேன் தெரியுமா? ஃபாக்டரியில என் பேரே தராசு."

அது உண்மை. தொழிலாளிகள் யாரும் அவரைத் தராசு என்று சொல்லாமல் கூப்பிட்டதில்லை. அந்தப் பேருக்காகவே மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதை நிறுத்திவிட்டார்.

"திங்கட்கிழமை ஸ்பிரிங் எப்படி இருந்துச்சு?"

"என்னைக்கும் காலியா போறப்போ இருக்கிற மாதிரியே. ஒரு நூல் கூட இறங்கலை."

மேடம் எழுந்துவிட்டார். வெளியே வந்ததும் நான் அவர் காதோரம் போனேன். "எனக்குப் புரிஞ்சிடுச்சு மேடம். லாரி அடியில ரகசிய அறை! செம்பு இன்னும் அதுக்குள்ளயே இருக்கு."

"அப்போ ஸ்பிரிங் அமுங்கியிருக்கணுமே?"

"அதான்... அது வந்து..." ரேடியோவுக்கு சிக்னல் போய்விட்டது.

ஷெட்டில் அந்த லாரி நின்றது. ஃபாக்டரியில் அதற்கு மகாராணி என்று பேர். உருண்ட மூக்கு, தவளைக் கண் விளக்கு, மரப்பலகைத் தொட்டி, மேலே வளையம் வைத்துக் கட்டிய தார்ப்பாய். அதன் தந்தநிறப் பெயின்டைத் துணியால் துடைத்தபடி நின்றார் சின்ன முதலாளி. அண்ணன் தம்பி இருவரும் அடுத்த மாசம் பாகம் பிரியப்போகிறார்கள் என்று ஃபாக்டரி முழுக்கப் பேச்சு. அண்ணன் போலீஸ் ஸ்டேஷனுக்கும் வக்கீலுக்கும் அலைந்துகொண்டிருக்க, தம்பி லாரிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"தாராளமா தேடிக்கோங்க" என்று சிரித்தார். "போலீஸ் ஏற்கெனவே தேடியாச்சு. இதை நான் ஆசைக்கு ஓட்டறேன். லோடே ஏத்தறதில்ல."

"காலியா ஓட்டினா தூக்கித் தூக்கிப் போடுமே?" என்றார் மேடம்.

அவ்வளவுதான். மனுஷருக்கு முகம் பூத்துவிட்டது. இந்தப் பழைய வண்டிக்காரர்களிடம் வண்டியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும், நாம் வீடு போய்ச் சேர முடியாது.

"நல்லா கேட்டீங்க! இது டன் கணக்கா மூட்டை சுமக்கறதுக்குன்னு செஞ்ச ஸ்பிரிங். காலியா போனா அசைஞ்சே கொடுக்காது. ஒரு சின்னக் கல்லுல ஏறினாக்கூட முதுகெலும்பு உச்சந்தலைக்கு வந்துடும். முதல்ல பின்னாடி மணல் மூட்டை போட்டு ஓட்டிப் பார்த்தேன். அதோ வெளிய கிடக்குதே, அதான். கனம் இருந்தா குலுக்கல் குறையுது. ஆனா எந்நேரமும் அதைச் சுமந்துக்கிட்டு அலைய முடியுமா? ஞாயித்துக்கிழமை லீவுதானே, நானே உட்கார்ந்து ஸ்பிரிங்கைக் கழட்டினேன். ரெண்டு பட்டையை எடுத்துட்டேன். மிச்சப் பட்டையில இருந்த துருவைச் சுரண்டி, நடுவுல வழவழன்னு பிளாஸ்டிக் பட்டி வெச்சு, கிரீஸ் தடவி மாட்டினேன். டயர்ல காத்தையும் கொஞ்சம் இறக்கினேன். இப்போ தொட்டில்தான் போங்க!"

மேடம் குனிந்து பார்த்தார். நானும் குனிந்தேன். ஸ்பிரிங் கட்டு முழுவதையும் தடித்த கான்வாஸ் துணியால் சுற்றி, நூலால் இறுக்கித் தைத்திருந்தது. உள்ளே எத்தனை பட்டை என்று எண்ண வழியே இல்லை; துணிக்கு வெளியே போல்ட்டுகள் மட்டும் தெரிந்தன.

"துணி எதுக்கு?"

"கிரீஸ் வழியாம இருக்கவும் தூசி போகாம இருக்கவும். அந்தக் காலத்துல அப்படித்தான் செய்வாங்க. பிரிச்சுடாதீங்க, தையல் போட்டே விரல் போச்சு."

"எங்களை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்களேன்" என்றார் மேடம், குழந்தை மாதிரி. "தொட்டில்ல ஆடி ரொம்ப நாளாச்சு."

சின்ன முதலாளியின் கையில் இருந்த துணி ஒரு கணம் நின்றது. பிறகு, "அதுக்கென்ன" என்றார்.

கேபினில் இரண்டு பேருக்குத்தான் இடம். மேடம் முன்னால் ஏறினார். டிரைவர் சீட்டில் தடித்த ஸ்பாஞ்ச் மெத்தை ஒன்று, கடைப் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் கிடந்தது. சின்ன முதலாளி அதன் மேல் சர்க் என்ற சத்தத்தோடு உட்கார்ந்தார். எனக்கு வழக்கம்போல பின்னால், பலகை.

கேட்டைத் தாண்டும்போது கேட் ரூம் ஜன்னல் வழியாக மாமாவின் முகம் தெரிந்தது. விலங்கோடு இருந்தாலும் அந்தக் கண் பழக்கதோஷத்தில் பின்சக்கரத்துக்குத்தான் போனது. அவர் புருவம் ஏன் சுருங்கியது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அடுத்து நடந்ததை எப்படிச் சொல்வது? தெருமுனையில் ஒரு வேகத்தடை. லாரி அதில் நடை வேகத்தில்தான் ஏறியது. நான் பலகையிலிருந்து எழும்பினேன், தார்ப்பாய்க் கம்பியில் தலை இடித்தது, மறுபடி பலகைக்கே வந்து சேர்ந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். திரும்பி வரும்போது அதே வேகத்தடை, அதே கம்பி. நான் எந்த ஜென்மத்திலும் படுக்காத தொட்டில் அது.

இறங்கியபோது கால் நிற்கவில்லை. ஆனால் உடம்பு வலியை விட மனசு வலிதான் அதிகம். லாரி சுத்தமாகக் காலி. லோடு இருந்தால் இப்படித் தூக்கிப் போடாது. ரகசிய அறையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் ஒரே யோசனை செத்துவிட்டது. தூரத்தில் அக்கா அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போலீஸ் ஜீப் கேட்டுக்குள் நுழைந்தது. மாமாவைக் கொண்டுபோகத்தான்.

"மேடம், போச்சு" என்றேன். "இந்த லாரியில ஒண்ணும் இல்ல."

"ரேடியோ, உன் பின்பக்கம் எப்படி இருக்கு?"

"மேடம்!"

"பதில் சொல்லு."

"கருங்கல்லுல உட்கார வெச்சு இழுத்துட்டுப் போன மாதிரி இருக்கு."

அந்த நாளில் முதல் தடவையாக மேடம் சிரித்தார். அவர் சிரித்தால் யாருக்கோ கெட்ட நேரம் என்று அர்த்தம்.

நேராகக் கேட் ரூமுக்குப் போனார். மாமாவை இரண்டு கான்ஸ்டபிள்கள் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். "ஒரே கேள்வி. இப்போ நாங்க போனப்போ ஏன் முகத்தைச் சுளிச்சீங்க?"

"வண்டி சரியா நிக்கலைம்மா. பின்னாடி ரொம்பத் தூக்கிக்கிட்டு இருக்கு. காலியா போனாக்கூட இவ்வளவு உயரம் நின்னு நான் பார்த்ததில்ல."

"இன்ஸ்பெக்டர் சார், ஜீப் கொஞ்சம் நிக்கட்டும்" என்றார் மேடம். "இவர் கண்ணுக்கு ஒரு பரீட்சை வைக்கணும். இவரை இந்த நாற்காலியிலேயே உட்கார வைங்க. திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் லாரியைக் கொண்டுவரேன். காலியா, லோடான்னு சொல்லட்டும். தப்பா சொன்னா கூட்டிட்டுப் போங்க."

"மேடம்!" என்று நான் பதறினேன். தப்பாகச் சொன்னால் கூட்டிக்கொண்டு போவதா? இது யார் பக்கம்?

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், சரி என்றார். கல்நெஞ்சக்காரர் என்று நினைத்ததை அந்த ஒரு சரிக்காக வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டரும் எங்களோடு ஷெட்டுக்கு வந்தார். அங்கே லோடு ஏற்றும் ஆட்கள் ஆறு பேர் வந்து நின்றார்கள். சின்ன முதலாளி கைகளைத் தேய்த்துக்கொண்டே, "எதை ஏத்தப் போறீங்க? ஒயர் டிரம் எடுத்துக்கோங்க, எடை மேலயே எழுதியிருக்கும்" என்றார்.

"டிரம் எதுக்கு? அதோ மணல் மூட்டை இருக்கே."

"அது வேண்டாங்க."

சட்டென்று வந்துவிட்ட வார்த்தை. அவரே அதைக் கேட்டுத் திடுக்கிட்ட மாதிரி இருந்தது. "இல்ல... ஈர மணல். மகாராணி பலகை ஊறிக் கெட்டுடும்."

நான் என் பேன்ட்டைத் திருப்பிப் பார்த்தேன். காலையில் உட்கார்ந்து எழுந்த பேன்ட். தூசி இருந்தது, ஈரம் பொட்டுக்கூட இல்லை. மேடம் என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். எலும்பு முளைத்த மணல்!

"அக்கா, எந்திரி" என்றேன். "அக்கா, முதல்ல அதுலேர்ந்து எந்திரி."

மூட்டையைத் தூக்கிய முதல் ஆள் "அம்மாடி" என்று கீழே வைத்துவிட்டான். "என்னங்க இது, மணலா மலையா? இன்னும் ரெண்டு பேர் வாங்கடா!"

இன்ஸ்பெக்டரின் கை இடுப்புக்குப் போனது. மேடம் மெதுவாகத் தலையாட்டினார். "இப்போ வேண்டாம் சார். முதல்ல தராசோட கண்ணு சொல்லட்டும். அப்புறம் பிரிப்போம்."

மூட்டைகள் ஒவ்வொன்றாக ஏறின. ஒவ்வொன்றுக்கும் பலகை முனகியது. நான் சக்கரத்தின் மேலேயே கண்ணை வைத்திருந்தேன். தூக்கி நின்ற பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கடைசி மூட்டை ஏறியபோது ஸ்பிரிங் நேராகவில்லை. அழகாக, வில் மாதிரி வளைந்தே நின்றது. தார்ப்பாயை இறக்கிக் கட்டினார்கள்.

"ஓட்டுங்க" என்றார் மேடம். சின்ன முதலாளி அந்த மெத்தையில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் இன்ஸ்பெக்டர். இந்தத் தடவை லாரி ஷெட் வாசல் படியில் பூ மாதிரி இறங்கியது.

கேட் பூட்டியிருந்தது. வண்டி நின்றதும் இன்ஸ்பெக்டர் லாரிச் சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மாமா நாற்காலியில் இருந்தபடியே திரும்பினார். பின்சக்கரத்தைப் பார்த்தார். அக்கா என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

"கண்ணு என்ன சொல்லுதோ அதை மட்டும் சொல்லுங்க" என்றார் மேடம்.

மாமா முட்டாள் இல்லை. லோடு என்று சொன்னால்தான் நல்லது என்று அவருக்கும் தோன்றியிருக்கும். இவ்வளவு ஏற்பாடு காலி வண்டிக்கா செய்வார்கள்? அக்காவைப் பார்த்தார். மறுபடி ஸ்பிரிங்கைப் பார்த்தார்.

"காலி" என்றார். "திங்கட்கிழமை எப்படி இருந்துச்சோ, அதே மாதிரி இருக்கு. காலி."

"எழுந்து போய்த் தார்ப்பாயைத் தூக்குங்க."

மாமா எழுந்தார். விலங்கோடு இரண்டு கையையும் சேர்த்து முடிச்சை அவிழ்த்துத் தார்ப்பாயைத் தூக்கினார். அப்படியே நின்றுவிட்டார். தொட்டி நிறைய மூட்டைகள்.

இன்ஸ்பெக்டர் ஒரு மூட்டையைக் கிழித்தார். மணல் சரசரவென்று கொட்டியது. அதற்குள்ளிருந்து செங்கல் சைஸில் ஒரு கட்டி நழுவித் தரையில் விழுந்து டங் என்றது. சிவப்பாக, புதுசாக மின்னியது.

"பட்டையைக் குறைக்கலை" என்றார் மேடம், சின்ன முதலாளியைப் பார்த்து. "சேர்த்திருக்கீங்க. அதுக்குத்தான் துணி சுத்தித் தெச்சீங்க. செம்பு ஏறினாலும் வண்டி காலி மாதிரியே நிக்கணும், தராசு கண்ணு ஏமாறணும். ஞாயித்துக்கிழமை மாட்டினீங்க, உங்க சாவியால குடோனைத் திறந்து அள்ளினதுல பாதியைத் திங்கட்கிழமை கொண்டுபோனீங்க. மிச்சம் மணல் மூட்டைக்குள்ள."

"ஆதாரம்?" என்றார் அவர்.

"குனிஞ்சப்போ ஒண்ணு பார்த்தேன். ஸ்பிரிங் கட்டைப் பிடிச்சிருக்கிற போல்ட் நாலும் புத்தம் புதுசு. பட்டையை எடுத்தா கட்டு மெலியும், பழைய போல்ட்டே நீளமா மிஞ்சும். கட்டு தடிச்சாத்தான் புது நீள போல்ட் வேணும். அப்புறம் அந்த மெத்தை. வண்டியைத் தொட்டிலாக்கினவர் எதுக்குப் புது மெத்தை வாங்கறார்?"

"ஸ்பிரிங்கை இன்னும் பழையபடி மாத்தாம ஏன் வெச்சிருந்தார் மேடம்?" என்று கேட்டேன்.

"மாத்தினா மிச்சத்தை எப்படிக் கொண்டுபோறது? தராசு ஜெயிலுக்குப் போனாலும் அடுத்து வர்ற வாட்ச்மேனும் இதே நாற்காலியிலதானே உட்காருவார்."

சின்ன முதலாளி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "அண்ணன் எனக்குன்னு எதையும் விட்டு வெக்க மாட்டான்" என்று அதனிடம் முணுமுணுத்தார்.

விலங்கு கை மாறியது. அக்கா ஓடிப்போய் மாமாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள், அடித்தாள், பிறகு அதே சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் மகாராணியின் பெயின்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தூசி.

மாமா அழவில்லை. தரையில் கிடந்த செம்புக் கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு தடவை காலின்னு சொன்னேன்டா" என்றார். நாலு மாசத்துக்கப்புறம் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. "ரெண்டு தடவையும் எந்திரிக்கலை."

"அந்த ரெண்டாவது காலிதான் மாமா உங்களைக் காப்பாத்துச்சு" என்றேன். அதற்கு மேல் ரேடியோவில் சத்தம் வரவில்லை.

சின்ன முதலாளியை ஏற்றிக்கொண்டு ஜீப் உறுமியது. டிரைவர் ஹாரன் அடித்தார். மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டுக்குப் போனார், தாழ்ப்பாளில் கை வைத்தார், நின்றார். பின்சக்கரத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஜீப்பின் பின்பக்கம் வந்து கதவைத் தட்டினார்.

"இன்ஸ்பெக்டர் சார், கொஞ்சம் இறங்குங்க. உள்ள பார்க்கணும்."